பெயர் வைத்தது யார்?

கலசப்பாக்கத்திலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் போகும் வழியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு விவசாயி கிணற்றை ஆழப்படுத்தியபோது, வெட்டிப்போட்ட பாறையில் மாதுளை முத்துப் போலச் சிவந்த கற்கள் இருந்தன. அவற்றைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டுப் பரணில் வைத்துவிட்டார். கேள்விப்பட்டு வந்த கல் வியாபாரி ஒருவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார், விலை பேசினார், பணம் கொடுத்து எடுத்துப் போனார். இரண்டு மாதம் கழித்து அவை மாணிக்கம் அல்ல, கார்னெட் என்று பரிசோதனையில் தெரிந்தது. வியாபாரியின் புகாரில் விவசாயி மீது அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவில் மோசடி வழக்கு.

வக்கீலான என் அலுவலகத்துக்கு வந்தவர் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். "செவப்பா கல்லு வந்துதுன்னுதான் சார் சொன்னேன். கெம்புன்னு சொன்னது அவருதான்" என்றார். கெம்பு என்றால் மாணிக்கம். வழக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அன்று எனக்கு அது முழுதாகப் புரியவில்லை.

புரியவைத்தவர் சாட்சிக் கூண்டில் ஏறிய நிலவியல் நிபுணர். அரசுத் தரப்புச் சாட்சிதான், ஆனால் நேர்மையானவர். "பார்த்த மாத்திரத்தில் மாணிக்கமா, கார்னெட்டா என்று சொல்ல முடியுமா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். முடியாது என்றார். எடை பார்த்தால்? சிவப்புக் கார்னெட்டின் அடர்த்தி பலசமயம் மாணிக்கத்தின் அடர்த்தியான 4-ஐ ஒட்டியே வரும். ஒளி விலகல் எண்ணும் நெருங்கி நிற்கும். கடினத்தில் மாணிக்கம் 9, கார்னெட் ஏறக்குறைய 7. மாணிக்கம் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும், கார்னெட் பிரிக்காது. இதைக் காணக் கருவி வேண்டும். மாணிக்கம் குருந்தம் என்ற கனிமத்தின் சிவப்பு வகை என்றும், ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் சொல்லிலிருந்து போனது என்றும் அவர் சொன்னபோது நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அன்று மாலை கனிமங்கள் பற்றிய புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இலங்கையின் ரத்தினக் கற்களில் பழுப்பு நிறக் கல் ஒன்று உண்டு. பெரிடாட் என்ற ரத்தினக் கல்லின் பழுப்பு வகை என்று சொல்லியே அதை வெகுகாலம் விற்றார்கள், வாங்கினார்கள். அருங்காட்சியகங்களிலும் அந்தப் பெயரோடுதான் இருந்தது. 1952-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கிளாரிங்புல், ஹே இருவரும் எக்ஸ் கதிராலும் ரசாயனப் பகுப்பாய்வாலும் ஆராய்ந்தார்கள். பெரிடாட்டில் இருக்க வேண்டிய சிலிக்கா அதில் இல்லை. மெக்னீசியமும் அலுமினியமும் போரானும் சேர்ந்த புதுக் கனிமம் அது. 'சின்ஹலைட்' என்று பெயரிட்டார்கள்.

இப்போது ஒரு கனிமத்தைப் புதியது என்று சொல்ல, அதன் வேதி அமைப்பும் படிக அமைப்பும் காட்டப்பட வேண்டும். மாதிரியை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். 1959-இல் அமைந்த சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் ஆணையம் வாக்களித்து ஏற்ற பிறகே பெயர் நிற்கும். நம் நீதிமன்றத்தில் சான்றுப் பொருளுக்கு எண் போட்டுக் காப்பதைப் போலத்தான் அந்த மாதிரியையும் காக்கிறார்கள். இதைப் படித்தபோது என் தொழிலின் மீதே எனக்கு மரியாதை கூடியது.

இறுதி வாதத்தில் கேட்டேன்: "1952-க்கு முன் அந்தக் கல்லைப் பெரிடாட் என்று விற்ற அத்தனை பேரும் மோசடிக்காரர்களா? அவர்களாவது ஒரு பெயர் சொன்னார்கள். என் கட்சிக்காரர் எந்தப் பெயரும் சொல்லவில்லை. கிணற்றில் வந்ததைக் காட்டினார். பெயர் வைத்தவர், தொழில் தெரிந்த புகார்தாரர்."

மோசடி என்றால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். புகார்தாரர் கைப்பட எழுதிய ரசீதே எங்களுக்கு உதவியது. அதில் 'கெம்பு' என்ற சொல் அவர் எழுத்தில் இருந்தது. விவசாயி கைநாட்டு மட்டும் வைத்திருந்தார். படிக்கத் தெரியாத மனிதரிடம் அந்தச் சொல்லை யாரும் வாசித்துக்கூடக் காட்டவில்லை. இதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விவசாயி விடுதலை செய்யப்பட்டார். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் சான்றுப் பொருட்கள் பட்டியல் இருந்தது. அதில் சா.பொ.1: 'சிவப்பு நிறக் கற்கள் அடங்கிய துணிப்பை ஒன்று.'