பெருவிரலும் தராசும்

2025 செப்டம்பர் 3, புதன்

எங்கள் ரேஷன் கடையில் அரிசி இறங்கியதும் காலையிலேயே வரிசை கட்டிவிட்டார்கள். உப்பளத்திலிருந்து நேராக வந்த ஆச்சிக்குப் பில் போடும் மெஷினில் கைரேகை விழவில்லை. பெருவிரல், ஆட்காட்டி விரல், இடது கை, எதையும் மெஷின் எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்தார், தலைமுடியில் தேய்த்து மறுபடி வைத்தார். உப்பு வாரி வாரி விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழத்துப்போய், ஓரமெல்லாம் வெடித்திருக்கிறது. “நாந்தான தாயி நிக்கேன்?” என்றார். கருவிழிக் கருவியை எடுத்து வைத்தேன்; பதிந்தது. 20 கிலோ அரிசி போட்டு அனுப்பினேன். அந்தக் கருவியும் பழுதாகும் நாட்கள் உண்டு.

செப்டம்பர் 5, வெள்ளி

மெஷினே வேண்டாம் என்கிறார் பக்கத்துக் கடை விற்பனையாளர். எனக்கு உடன்பாடில்லை. வாங்க வராத கார்டுக்கும் பில் போட்டு அரிசியை வெளியே விற்ற காலம் உண்டு. 2020-ல் ரேகை வந்தபின் அதைச் செய்வது கஷ்டம். ஆனால் 20 கிலோவுக்கு 18 கிலோ போட்டால் பெருவிரலுக்கு என்ன தெரியும்? எங்கள் கடையில் இப்போது தராசை மெஷினோடு இணைத்திருக்கிறார்கள். எடை சரியாக நின்றால்தான் பில் வரும். வரிசை நகரத் தாமதமாகிறது, நின்றவர்கள் திட்டுகிறார்கள். இருந்தாலும் திருட்டை நிறுத்துவதில் ரேகையைவிடத் தராசைத்தான் நான் நம்புகிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ரேகை விழாமல் ஆச்சி நின்றதிலிருந்து ஜார்க்கண்டின் சிம்டேகா நினைவு மனதைவிட்டுப் போகவில்லை. 2017 செப்டம்பரில் அங்கே 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்காததால் கார்டு ரத்தாகி, மாதக்கணக்கில் ரேஷன் இல்லை, பசியில் போய்விட்டாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. ஆதார் இல்லை, ரேகை விழவில்லை என்பதற்காக யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை உத்தரவு போட்டது அதற்கு அடுத்த மாதம்தான். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் மானியத்துக்கு ஆதார் கேட்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

போன மாதம் 12-ஆம் தேதி தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே போகிறது. வண்டியிலும் இதே மெஷின்தான், இதே ரேகைதான்.

ரேகை விழவில்லை என்று வெறும் பையோடு திரும்பாதீர்கள். கருவிழி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நடமாட முடியாத முதியவர் தன் சார்பில் வாங்க ஒருவரை எழுதிக் கொடுக்கலாம். அப்படியும் பொருள் தரவில்லை என்றால் 1967-க்குப் போன் போடுங்கள்.