குற்றவாளி என்னும் சொல்லும் எஞ்சிய குழாய்களும்

மாரடைப்போடு வருபவரின் ஆஞ்சியோகிராம் பல வேளைகளில் ஒரே அடைப்போடு நின்றுவிடுவதில்லை. இரத்தம் உறைந்து மூடிக்கொண்ட இதயத் தமனி ஒன்று; சுருங்கியிருந்தும் ஓட்டம் நிற்காத தமனி இன்னும் ஒன்றோ இரண்டோ. கடும் மாரடைப்பு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் நிலை இதுவே. மூடிய தமனிக்கு மருத்துவ உலகம் இட்ட பெயர் ‘குற்றவாளி’.

ஒன்றைக் குற்றவாளி என்றதும் மற்றவை நிரபராதிகள் ஆகிவிடுகின்றன. சிகிச்சை நெறியும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது: குற்றவாளியை உடனே திறக்க வேண்டும், மற்றவற்றை அப்போது தொடலாகாது. இதற்குச் சொல் மட்டும் காரணமன்று. சிகிச்சை நீண்டால் சாயமருந்தின் அளவு கூடும். சிறுநீரகம் தாங்குமா என்ற அச்சம் நியாயமானதே.

2013இல் வெளிவந்த பிராமி ஆய்வு, 465 நோயாளிகளைக் கொண்டு, அந்நெறியை அசைத்தது. 2019இல் கம்ப்ளீட் ஆய்வு 31 நாடுகளின் 4,041 நோயாளிகளை ஏறத்தாழ மூன்றாண்டு தொடர்ந்தது. குற்றவாளித் தமனியை மட்டும் திறந்தவர்களில் 10.5 விழுக்காட்டினர் இதயநோயால் இறந்தனர் அல்லது மீண்டும் மாரடைப்புக்கு உள்ளாயினர். எஞ்சிய முக்கியச் சுருக்கங்களையும் 45 நாள்களுக்குள் சீராக்கிக்கொண்டவர்களில் அது 7.8 விழுக்காடு. பயனின் பெரும்பகுதி மறுமாரடைப்பு குறைந்ததில் கிடைத்தது. இதயநோய் இறப்பு மட்டும் தனியே குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

எனில் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் திறந்துவிடலாமா? 2017இன் கல்ப்ரிட்-ஷாக் ஆய்வு எச்சரிக்கிறது. மாரடைப்பால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்குப் போராடும் நோயாளிகளில், குற்றவாளியை மட்டும் முதலில் திறந்தபோது 30 நாள்களுக்குள் இறந்தோர் 43.3 விழுக்காடு, எல்லாவற்றையும் உடனே திறந்தபோது 51.6 விழுக்காடு. ஒருவரைக் காக்கும் முழுமை இன்னொருவருக்குச் சுமையாகிறது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இந்த நுட்பம் ‘இன்னும் இரண்டு அடைப்பு மீதி இருக்கிறது’ என்ற ஒரு வரியாகச் சுருங்குகிறது. ‘மீதி’ என்ற சொல்லை ஒரு குடும்பம் அரைகுறை வேலை என்று கேட்கும். இன்னொன்று ஸ்டென்ட் வணிகம் என்று கேட்கும். முதற்குடும்பம் மருத்துவரோடு சண்டையிடும். இரண்டாவது, மறுதேதிக்கு வராமலே போகும். இழப்பு அங்கேதான் நேர்கிறது.

குற்றவாளி என்பது நேற்று நடந்ததற்கான பெயர். இனி நேரக்கூடியதைச் சொல்ல வேறு வாக்கியம் தேவை: எந்தத் தமனி காத்திருக்கிறது, ஏன் இன்று தொடவில்லை, எத்தனை நாளுக்குள் வர வேண்டும். வீடு திரும்பும் நாளில் கைக்கு வரும் சீட்டில், நோயாளியின் மொழியில், இம்மூன்றும் இருந்தாக வேண்டும்.