நீர் மாத்திரையும் மின்சார ரயிலும்

"வேலைக்குப் போய் வர ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஆகுதும்மா?"

ஓபியில் சுகர், பிரஷர் நோயாளிகளிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. எம்பிபிஎஸ் படிக்கும்போது யாரும் இதைக் கேட்கச் சொல்லித் தரவில்லை. நோயாளிகள்தான் கத்துக்கொடுத்தாங்க.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. ஒரு ஆபீஸில் துப்புரவு வேலை. கால் வீக்கம், பிரஷர். நீர் மாத்திரை எழுதியிருந்தோம். மாசா மாசம் வருவாங்க, மாத்திரை வாங்கிட்டுப் போவாங்க, ஆனா வீக்கம் குறையவே இல்லை. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டேன்.

"சாப்பிடுறேன் சார். ஞாயித்துக்கிழமை சாப்பிடுறேன்."

மத்த நாளெல்லாம்?

"விடியக்காலம் ரயில் ஏறணும் சார். மாத்திரை போட்டா அரை மணி நேரத்துல முட்டிக்கிட்டு வருது. ரயில்ல எங்க சார் போறது?"

அவங்க சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. புறநகர் மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. சின்ன தூரத்துக்கு நின்னுட்டுப் போற வண்டின்னு நினைச்சு உருவாக்கினது அது. மாத்திரையை வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கச் சொன்னேன். வீக்கம் வடிந்தது. (இதைப் படிச்சுட்டு நீங்களா மாத்திரை நேரத்தை மாத்திடாதீங்க. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.)

அதுக்கப்புறம் எல்லாரிடமும் கேட்க ஆரம்பிச்சேன். வேலைக்குப் போற பெண்கள் நிறைய பேர் காலையில் தண்ணியே குடிப்பதில்லை. காரணம் அதே ரயில், அதே பஸ். அப்புறம் நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்‌ஷன்னு எங்க கிட்டயே வர்றாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, சமைச்சு, பத்தரைக்குச் சாப்பிட்டு, காலையில் நாலரைக்கு எழும் ஒருத்தர்கிட்ட "டெய்லி முப்பது நிமிஷம் நடங்க, ஏழு மணி நேரம் தூங்குங்க"ன்னு சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கும். சொல்லாமலும் இருக்க முடியாது.

ரயிலைத் திட்டுறதுக்காக இதை எழுதல நண்பர்களே. சென்னையைச் சுற்றி இருக்கிற ஏழை, நடுத்தர மக்களுக்கு அதைவிட மலிவான வழி வேற இல்லை. குறைந்தபட்ச டிக்கெட் ஐந்து ரூபாய். மாச சீசன் டிக்கெட்டோ ஏறக்குறைய பதினைந்து தடவை ஒரு பக்கம் போற காசுதான். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் ஏறினப்பவும் புறநகர் டிக்கெட்டையும் சீசனையும் தொடல. நல்ல விஷயம். ஆனா இந்த மலிவிலேயே ஒரு சிக்கலும் இருக்கு, அதுக்குக் கீழே வர்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. கூட்டம் இருக்குன்னா இன்னும் நாலு ரயில் விட வேண்டியதுதானே?

எங்க ஓபியை வெச்சு சொல்றேன். ஓபியில் கூட்டம். சரி, ரெண்டு டாக்டரைக் கூடுதலா உட்கார வைக்கிறோம். ஆனா ரத்தம் எடுக்கிற ஜன்னல் ஒண்ணே ஒண்ணுதான். என்ன ஆகும்? டாக்டர் அறைக்கு முன்னாடி நின்ன வரிசை அப்படியே ரத்தப் பரிசோதனை ஜன்னலுக்கு முன்னாடி போய் நிக்கும். மொத்தத்தில் வீட்டுக்குப் போற நேரம் குறையாது. எங்க அடைப்போ அங்கதான் கை வைக்கணும்.

ரயிலில் அந்த அடைப்பு பெரும்பாலும் பெட்டியில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கு.

பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் 1931லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சிருச்சு. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை உள்ளூர் ரயிலுக்குத் தனி லைன், எக்ஸ்பிரஸுக்குத் தனி லைன். ஆனா ஊர் தாம்பரத்தோட நிக்கலையே. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டுன்னு போய்க்கிட்டே இருக்கு. வாடகை கட்டுப்படியாகாதவங்க ஒவ்வொரு ஸ்டேஷனா தள்ளித் தள்ளிப் போறாங்க. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் மூணு லைன்தான். மதுரை, நெல்லை, தூத்துக்குடி, திருச்சி பக்கத்திலிருந்து ராத்திரி கிளம்பி விடிஞ்சு சென்னை வந்து சேரும் எக்ஸ்பிரஸ்களும், ஆபீஸுக்குக் கிளம்பும் உள்ளூர் ரயிலும் அதே நேரத்தில் அதே மூணு லைனைப் பங்கு போட்டுக்கணும். எக்ஸ்பிரஸ் வந்தா உள்ளூர் வண்டி ஓரங்கட்டி நிக்கும். உள்ளே நிக்கிறவங்க நின்னுக்கிட்டே இருப்பாங்க.

அதனால புதுப் பெட்டியை விட முக்கியம் நாலாவது லைன். அப்புறம் சிக்னல். ரெண்டு ரயிலுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேணும்னு தீர்மானிக்கிறது சிக்னல் அமைப்பு. அதை நெருக்கமாக்கினா அதே தண்டவாளத்தில் கூடுதல் ரயில் விடலாம். நடைமேம்பாலம், பிளாட்பார உயரம், ஸ்டேஷனில் சுத்தமான கழிவறை எல்லாம் இதோட சேர்த்திதான். எட்டு நிமிஷத்துக்கு ஒரு ரயில் நேரத்துக்கு வந்து, ஸ்டேஷனில் நல்ல கழிவறையும் இருந்தா, அந்த அம்மாவுக்கு ரயிலுக்குள்ள கழிவறையே வேண்டாம். வழியில் இறங்கிப் போயிட்டு அடுத்த ரயிலில் ஏறிக்குவாங்க. அடுத்த ரயில் எப்ப வரும்னு தெரியாததுதான் பயம்.

லைன் பிரிப்பது ஏதோ வசதிக்கான விஷயம்னு நினைக்காதீங்க. 2018 ஜூலை 24 நினைவிருக்கா? மின்கம்பி அறுந்ததால் உள்ளூர் ரயில்களை எக்ஸ்பிரஸ் லைனுக்கு மாத்தி விட்டிருந்தாங்க. பரங்கிமலை ஸ்டேஷனில் அந்த லைனை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர். படியில் தொங்கிட்டு வந்தவங்க அதில் மோதி விழுந்தாங்க. குறைந்தது நாலு பேர் இறந்தாங்க. அன்னைக்கு டிவியில் எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: படியில் தொங்காதீங்க. நானும் அதையேதான் சொல்வேன். ஆனா ரயில்கள் தாமதமாகி, பிளாட்பாரத்தில் கூட்டம் ஏறிக்கிட்டே போற ஒரு காலையில், ஒரு மணி நேரம் லேட்டானா அரை நாள் சம்பளம் போகும்ங்கிற ஆளுக்கு அந்த அறிவுரை எந்த அளவுக்குப் போய்ச் சேரும்?

சரி, லைன் போட என்ன ஆகும்? சமீபத்திய உதாரணம் பீச் - எழும்பூர் நாலாவது லைன். 4.3 கிலோமீட்டர்தான். செலவு சுமார் 270 கோடி. 2023 ஆகஸ்ட் கடைசியில் பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நிறுத்தினாங்க. ஏழு மாசம்னு சொன்னது. திரும்ப ஓடினது 2024 அக்டோபர் கடைசியில், பதினாலு மாசம் கழிச்சு. அத்தனை நாளும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ் மாறிப் போனவங்களைக் கேட்டா கதை கதையா சொல்வாங்க.

இதை இன்னொரு எண்ணோட வெச்சுப் பாருங்க. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல. பீச் - எழும்பூரில் கிலோமீட்டருக்கு அறுபது கோடி சொச்சம். நேரடியா ஒப்பிட முடியாதுதான். மெட்ரோவில் சுரங்கம், ஸ்டேஷன், ரயில் எல்லாம் சேர்ந்திருக்கு. மெட்ரோ வேண்டாம்னும் நான் சொல்லல, நகரத்துக்குள்ள அது தேவைதான். ஆனா மெட்ரோவுக்குன்னு ஒரு நிறுவனம், ஒரு திட்ட அறிக்கை, வெளிநாட்டுக் கடன், மத்திய மாநில பங்கு எல்லாம் எழுத்தில் இருக்கு. தொண்ணூறு வருஷத்துக்கும் மேல ஓடிட்டு இருக்கிற புறநகர் ரயிலுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியிலும் இதைப் பார்க்கிறோம். புது ஸ்கேன் மெஷின் வந்தா திறப்பு விழா, போட்டோ. பழைய கட்டடத்தில் குழாய் மாத்தினா யார் ரிப்பன் வெட்டப் போறாங்க? வார்டுக்குக் குழாய்தான் உடனே வேணும்.

இப்ப மலிவில் இருக்கிற சிக்கலுக்கு வர்றேன். ரயில்வே 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய்க்கு மேல செலவு பண்ணுது. அதிலும் புறநகர் சேவை நஷ்டக் கணக்கு. ஐந்து ரூபாய் டிக்கெட் விக்கிற வண்டிக்குக் கூடுதல் லைன் போடுங்கன்னா, டெல்லியில் இருக்கிறவர் பார்வையில் அது நஷ்டத்தைக் கூட்டுற வேலை. மாநில அரசு பக்கம் கேட்டா, ரயில் மத்திய அரசோடது. பஸ்ஸில் 2021ல பெண்களுக்கு இலவசப் பயணம் கொடுக்க மாநிலத்தால் முடிஞ்சது, ஏன்னா பஸ் அவங்க கையில் இருக்கு. ரயிலில் அது முடியாது. இந்த ரெண்டு பேருக்கும் நடுவில்தான் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க தினமும் நிக்கிறாங்க.

பங்கு போட்டுச் செய்த அனுபவம் நமக்கே இருக்கு. பறக்கும் ரயில் இரண்டாம் கட்டத்தில், வேளச்சேரி வரைக்கும், செலவில் மாநிலம் 67 சதவீதம், ரயில்வே 33 சதவீதம். 2007ல ஓட ஆரம்பிச்சது. அடுத்து வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை, வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008ல வேலை தொடங்கி, ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பல வருஷம் அந்தரத்தில் நின்னது. பணம் மட்டும் போதாதுன்னு அந்தத் தூண்களைப் பார்த்தாலே தெரியும். நிலம் எடுக்க மாநிலம், தண்டவாளம் போட ரயில்வே; ஒருத்தர் ஃபைல் நகர்ந்தாத்தான் அடுத்தவர் ஃபைல் நகரும்.

மும்பையில் 1999ல இதுக்காகவே எம்ஆர்விசின்னு தனி நிறுவனம் தொடங்கினாங்க. 51 சதவீதம் ரயில்வே, 49 சதவீதம் மகாராஷ்டிரா அரசு. உள்ளூர் ரயில் மட்டும்தான் வேலை. உலக வங்கிக் கடனும் வாங்கினாங்க. ஒன்பது பெட்டி ரயில்கள் பன்னிரண்டு ஆச்சு. தாணே - திவா நடுவே எக்ஸ்பிரஸைப் பிரிக்கிற ஐந்தாவது, ஆறாவது லைன் 2022ல வந்தது. மும்பை சொர்க்கம் ஆயிடல. 2025 ஜூன் 9 அன்னைக்கு மும்ப்ரா பக்கத்தில் படியில் தொங்கினவங்க விழுந்து இறந்தாங்க. ஆனா அங்க "இந்த வேலை ஏன் முடியல?"ன்னு கேட்க ஒரு கதவு இருக்கு. நம்ம ஊரில் அந்த மாதிரி ஒரு நிறுவனம் வரணும், மாநிலமும் அதில் பணம் போடணும்ங்கிறது என் கருத்து. மாநிலப் பணத்தை ஏன் ரயிலில் போடணும்னு கேட்பவர்களுக்கு: தாம்பரம் வண்டியில் வர்றவங்க மாநிலத்தின் மக்கள், உடம்பு முடியாம போனா வந்து படுக்கிறது மாநில அரசு ஆஸ்பத்திரியில்.

இதை முன்கூட்டியே யோசிக்காட்டி என்ன ஆகும்னு கிளாம்பாக்கம் காட்டிச்சு. 2023 டிசம்பர் கடைசியில் அவ்வளவு பெரிய பஸ் நிலையம் திறந்தது. பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுது. அன்னைக்கு அங்க ரயில் நின்னு போக ஸ்டேஷன் இல்லை. பிறகு ஸ்டேஷன் கட்ட மாநிலத்தின் சிஎம்டிஏதான் ரயில்வேக்குப் பணம் கட்டினது. பஸ் நிலையம் வரைபடத்தில் இருந்தப்பவே இதையும் சேர்த்திருக்கலாம்.

ஏசி உள்ளூர் ரயில் 2025 ஏப்ரலில் வந்ததே, அது முன்னேற்றம் இல்லையான்னு கேட்பீங்க. வரட்டும், கதவு மூடுற வண்டி, யாரும் தொங்க முடியாது, அது பாதுகாப்பு. குறைந்தபட்ச டிக்கெட் 35 ரூபாய். நான் சொன்ன அந்த அம்மா அதில் ஏற மாட்டாங்க.

கடைசியா நீங்க செய்யக்கூடிய ஒரு வேலை. ரயில்வே தனி பட்ஜெட் 2017ல பொது பட்ஜெட்டோட சேர்ந்துருச்சு. ஆனா எந்தத் திட்டத்துக்கு எவ்வளவுன்னு சொல்ற "பிங்க் புக்" இப்பவும் வருஷா வருஷம் ரயில்வே இணையதளத்தில் வருது. யார் வேணாலும் பார்க்கலாம். உங்க பக்கத்து லைனைத் தேடி மூணு எண்ணைக் குறிச்சுக்கோங்க: மொத்த மதிப்பீடு, இதுவரை செலவானது, இந்த வருஷ ஒதுக்கீடு. மிச்ச வேலைக்கு 700 கோடி வேணும், இந்த வருஷம் 10 கோடி ஒதுக்கியிருக்காங்கன்னா, அந்த வேகத்தில் எழுபது வருஷம். சில திட்டங்களுக்கு நேரா வெறும் 1000 ரூபாய்னு போட்டிருக்கும். ஆயிரம் கோடி இல்லை, ஆயிரம் ரூபாய். திட்டம் செத்துப் போகலைன்னு காட்டுறதுக்கான தொகை அது.

அந்த மூணு எண்ணையும் போனில் வெச்சுக்கோங்க. அடுத்த தடவை உங்க எம்பி தெருவுக்கு வந்தா, "ரயில் எப்ப வரும்?"னு கேட்காதீங்க, விரைவில்னு சொல்லிட்டுப் போயிடுவார். எண்ணைச் சொல்லிக் கேளுங்க.