போடியில் ஒரு கிரவுன் பட்டறை

போடிநாயக்கனூரில் எஞ்சினுக்கு ஒரு பட்டறை, ரேடியேட்டருக்கு ஒரு பட்டறை, பெயிண்டுக்கு ஒரு பட்டறை என்று வண்டித் தொழில் பிரிந்து கிடக்கிறது. நான் தேடிப் போனது கிரவுன் வேலை, அதாவது ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களின் வேலை, மட்டும் பார்க்கும் பட்டறை. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண் தரை, மூலையில் பல் உடைந்த கிரவுன் வீல்களின் குவியல். போடிமெட்டு மலைப்பாதை ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தினமும் ஆளும் உரமும் பைப்பும் ஏற்றிப் போகிற ஜீப்புகளும் பிக்கப்புகளும்தான் இந்தப் பட்டறைக்குச் சோறு போடுகின்றன. அந்த வண்டிகளுக்கு ஓய்வு நாள் கிடையாது. பழுது என்று வந்தால் ராத்திரிக்குள் முடித்து விடியலில் அனுப்பியாக வேண்டும்.

அன்று ஸ்டாண்டில் ஏறி நின்றது நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஒரு பழைய பிக்கப். அதன் பின் ஆக்சிலுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன். வண்டிக்காரர் காரணத்தை இரண்டே வரியில் சொன்னார்: “மழைக்காலத்துல தோட்டத்து ரோட்டுல ஒரு சக்கரம் பள்ளத்துல தொங்கிருச்சுன்னா அது மட்டும்தாண்ணே சுத்தும். தரையில நிக்கிற சக்கரம் சும்மா நிக்கும்.”

அவர் சொன்னது, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பிறவிக் குணம். வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி முழுதாகத் திரும்பி எதிர்த்திசைக்கு வந்தால், இரண்டு பின் சக்கரங்களும் ஓடிய தூரத்தில் ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம் இருக்கும். வளைவு அகலமானதா குறுகலானதா என்பதற்கு இதில் பங்கில்லை. சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கணக்கு. போடிமெட்டுப் பாதையில் அப்படி 17 வளைவுகள். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதற்காகவே டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்கள் சுழல்கின்றன. ஆனால் இரு பக்கமும் அவை சம அளவு விசையைத்தான் தர முடியும். தொங்கும் சக்கரத்துக்குச் சுழல விசையே தேவையில்லை என்றால், மண்ணில் ஊன்றி நிற்கும் சக்கரத்துக்கும் அதே ஒன்றுமில்லாததுதான் போய்ச் சேரும்.

லாக்கர் இதைத் தலைகீழாக்குகிறது. ஸ்டார் பினியனையும் அதோடு இணையும் சன் கியரையும் எடுத்துவிட்டு, முகத்தில் பல் வெட்டிய நான்கு உருக்குத் துண்டுகளை அதே கூட்டுக்குள் வைக்கிறார்கள். வெளியே இரண்டு, உள்ளே இரண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் நடுவிலுள்ள குறுக்குத் தண்டு உள் துண்டுகள் இரண்டையும் விலக்கித் தள்ளும். பற்கள் கவ்வி, இரு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். வளைவில் வெளிச் சக்கரம் முந்தி ஓடினால் அதன் பற்கள் மட்டும் ஏறி இறங்கி நழுவும். பொத்தான் கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது, வயர் கிடையாது.

அதை மாட்டுகிற வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூத்த மெக்கானிக் முதலில் செய்தது பேரிங் மூடிகளில் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்தது. இடது மூடிக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு. அவை ஆக்சில் ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை. மாறிப் போனால் பேரிங் சரியாக உட்காராது. பிறகு கூட்டை வெளியே எடுத்து, டீசலில் கழுவி, பழைய பினியன்களைக் கழற்றினார். புதுத் துண்டுகளைக் கிரீஸ் தடவி ஒட்டவைத்தபின் உள்ளங்கையில் கிடந்த சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவர் முனையால் குழிக்குள் தள்ளினார். ஒன்று தெறித்து மண்ணில் விழுந்தது. உதவிக்கு நின்ற பையன் காந்தத்தைக் கொண்டு தேடி எடுத்து, கழுவி, துடைத்துக் கொடுத்தான். அதுவரை அவர் கை அசையவில்லை.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி. உள் துண்டுகள் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 4 மில்லிமீட்டரை ஒட்டி. அவர் டிரில் பிட்டின் தண்டுப் பகுதியை அளவுகோலாக வைத்திருந்தார். 4 மில்லி பிட் சற்று இறுக்கமாக நுழைய வேண்டும். அடுத்த அளவு நுழையக் கூடாது. நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தார். இடைவெளி கூடினால் பல் முழுதாகக் கவ்வாது, பாரத்தில் நுனி உடையும். குறைந்தால் வளைவில் விலக இடமிருக்காது. கூட்டை ஹவுசிங்கில் திரும்ப ஏற்றியதும் டயல் கேஜை வைத்துக் கிரவுன் பல்லின் ஆட்டத்தை அளந்தார். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. பிரஷ்யன் புளூ என்ற நீலப் பசையைத் தடவிச் சுற்றி, பல்லின் நடுவில் தடம் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் தொண்ணூறு கியர் ஆயிலை ஊற்றச் சொன்னார்.

ஓட்டிப் பார்க்கும்போது நானும் ஏறிக்கொண்டேன். நேர் சாலையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் பின்னாலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வந்தது. மலையேறும் முதல் வளைவில் வண்டிக்காரர் பாதியில் காலை எடுக்க, டக் என்று ஓர் அடி. வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் நெளிந்தது. விசை கொடுக்கும்போது உள் சக்கரம் இழுக்கிறது. காலை எடுத்தால் எஞ்சின் பிடிப்பு வெளிச் சக்கரத்துக்கு மாறுகிறது. அந்த மாற்றம்தான் அடி. “வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிரு தம்பி. உள்ள போனப்புறம் ஆக்சிலேட்டரை ஒரே சீராப் புடி. எடுத்து எடுத்து மிதிக்காத” என்றார் மெக்கானிக். மேலே, தோட்டத்து மண் பாதையில், இரு சக்கரமும் சேர்ந்து மண்ணைக் கவ்வி ஏறியபோது வண்டிக்காரரின் முகம் மலர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குக் கவலை தந்தது ஈரத் தார்ச்சாலை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது உருண்டபடியே பக்கவாட்டுப் பிடியை வைத்திருக்கும். லாக்கரில் விசை மிஞ்சினால் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். வண்டியின் வால் சரிவுப் பக்கம் போகும். பனி இறங்கிய போடிமெட்டில், காலி வண்டியில், அது விளையாட்டல்ல. பின் டயர் இரண்டும் ஒரே அளவாக, ஒரே காற்றழுத்தத்தில் இருப்பதும் கட்டாயம். ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்றால் நேர் சாலையிலும் பற்கள் நழுவிக்கொண்டே இருக்கும்.

செலவைக் குறைக்க ஸ்டார் பினியன்களை வெல்டிங் வைத்து நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறவர்களும் உண்டு. இந்தப் பட்டறையில் அதைச் செய்ய மறுக்கிறார்கள். அப்படிப் பூட்டிய வண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த 4 மீட்டரை டயரில் தேய்த்தோ ஆக்சில் ஷாஃப்ட்டை முறுக்கியோதான் கழிக்கும். மகிந்திரா தாரிலும் பொலிரோ நியோவிலும் வரும் ஈட்டன் நிறுவனத்தின் லாக்கர் வேறு ஜாதி. சாதாரண நேரத்தில் திறந்தே இருக்கும். இரு சக்கர வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால்தான் உள்ளேயுள்ள எடைத்துண்டுகள் விரிந்து அதைப் பூட்டும். மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் பூட்டாது. தார்ச்சாலையே பெரும்பங்கு என்றால் எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. அன்றாடப் பாதையே சேறும் கல்லும் என்றால், பின் ஆக்சிலுக்கு மட்டும், அன்று பார்த்ததைப் போன்ற லாக்கரைத் தாராளமாகப் போடலாம்.

இந்த வேலைக்குக் கிடைக்கும் மரியாதை போதாது என்பது என் ஆற்றாமை. வெளிநாட்டுப் பாகத்துக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள் மாட்டும் கூலிக்குப் பேரம் பேசுகிறார்கள். “சீக்கிரம் முடிங்கண்ணே” என்பதுதான் அங்கே அடிக்கடி கேட்ட வார்த்தை. பிரஷ்யன் புளூ தடவிப் பார்க்கும் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தினால் கிரவுன் மூலைக் குவியலில்தான் போய்ச் சேரும். பையனுக்கு அந்தத் தடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார் மூத்த மெக்கானிக். பல்லின் நுனியில் விழுந்தால் என்ன அர்த்தம், அடியில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று. ஐடிஐ வகுப்பில் இதைப் படித்தவன்தான் அவனும். கை பழகியது இங்கேதான்.

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். ஒரே திசையில் சுற்றினால் உள்ளே லாக்கரோ வெல்டிங்கோ இருக்கலாம். திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். லாக்கர் போட்ட வண்டியை வேறொருவர் கையில் கொடுக்கும்போது, அதைச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.