ரீட்டா காட்ஸும் அரபு மொழியும்



"தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும், ஐயா?" என முதலாம் ஆண்டுப் பதிவின்போது யாரேனும் ஒருவர் கேட்பதுண்டு. வழக்கமான விடைகள் என்னிடம் உள்ளன. அவற்றை விடுத்து, பிறந்த வீட்டு மொழியைத் தொழிற்கருவியாக்கிக்கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

ரீட்டா காட்ஸ் 1963இல் ஈராக்கின் பஸ்ரா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அவருடைய தந்தை இஸ்ரேலின் உளவாளி எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானார். 1969இல் பாக்தாதில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். தாயார் பிள்ளைகளுடன் ஈரான் வழியாகத் தப்பி இஸ்ரேலை அடைந்தார். தந்தை பேசிய மொழியும் அவரைத் தூக்கிலிட்டோர் பேசிய மொழியும் ஒன்றே. அம்மொழியை அவர் வெறுத்து ஒதுக்கியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? அவர் ஒதுக்கவில்லை.

1997இல் அமெரிக்காவில் குடியேறி, ஆய்வு நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அறநிதி அமைப்பொன்றின் அரபு வெளியீடுகளைப் படித்தபோது, அதற்கும் ஹமாஸுக்கும் தொடர்பிருப்பதாக ஐயுற்றார். பின்னர் முழு அங்கி அணிந்து, ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு நிதி திரட்டும் கூட்டங்களுக்குச் சென்றார். பேச்சில் ஒரு சொல் பிசகினாலும் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2003இல் அவர் எழுதிய தன்வரலாறு ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது.

2002இல் 'சைட்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அரசுப் பதவியோ அதிகாரமோ கிடையாது. தீவிரவாதிகள் கூடும் இணைய மன்றங்களில் புனைபெயரில் நுழைந்து, பொறுமையாய் நம்பிக்கை பெற்று, படித்து, மொழிபெயர்த்து, சந்தாதாரர்களுக்கு அனுப்புவதே பணி.

2007 செப்டம்பர் 7ஆம் நாள் நடந்ததே என் மனத்தை மிகவும் உறுத்துவது. அல்காய்தா வெளியிடுமுன்பே பின்லாடனின் புதிய காணொளி அவர் கைக்கு வந்தது. இரகசியம் காக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் வெள்ளை மாளிகை அதிகாரிகள் இருவருக்கு அதனைக் காலை பத்து மணியளவில் அனுப்பினார். இருபது நிமிடங்களுக்குள் அரசுத்துறைக் கணினிகள் அதைப் பதிவிறக்கத் தொடங்கின. பிற்பகலில் தொலைக்காட்சியில் ஓடியது! தம் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய வழிமுறைகள் பயனற்றுப் போயின என்று அவர் வருந்தினார். எதிரிகளிடமிருந்து காத்த இரகசியத்தைத் தம் பக்கத்தவரிடமிருந்து காக்க முடியவில்லை.

அவர்மீது குறைகூறுவோரும் உளர். தீவிரவாதிகளின் பரப்புரையை இத்தகைய நிறுவனங்களே ஊரறியச் செய்கின்றன, அச்சமே அவற்றின் வணிகம் என்பர். அதில் ஓரளவு உண்மை உண்டென்றே நான் கருதுகிறேன். 2014இல் ஐ.எஸ். அமைப்பு அமெரிக்கச் செய்தியாளர் சாட்லோஃப்பைக் கொன்ற காணொளியை அவ்வமைப்பு முறையாக வெளியிடுமுன் 'சைட்' கண்டெடுத்தது. உலகம் அதை அத்துணை விரைவில் அறிந்திருக்கத்தான் வேண்டுமா? மறுபுறம், எவரும் படிக்காவிட்டால் அப்பேச்சு நின்றுவிடவும் போவதில்லை. 2016 ஜூன் மாதம் நம் பூச்சோங்கில் கையெறிகுண்டு வெடித்து எண்மர் காயமுற்றபோது, சிரியாவில் இருந்த ஒருவரின் கட்டளை இங்கு வந்து சேர இணையமே போதுமாயிருந்தது.

2022இல் வெளிவந்த அவருடைய நூல், மேலை நாடுகளின் வலதுசாரி வன்முறைக் கும்பல்களையும் ஆராய்கிறது. அங்கே அரபு வேண்டியதில்லை. பல ஆங்கிலத்தில், நகைச்சுவைப் படங்களாகவே உலவுகின்றன. ஆங்கிலம் நன்கறிந்த பெற்றோருக்கும் அவற்றின் உட்பொருள் எளிதில் விளங்குவதில்லை.