அரக்கிலிருந்து கோராபுட்டுக்கு: ஒரு பயணத்திட்டக் குறிப்பு

நவம்பர் இறுதியில் ஐந்து நாட்கள், விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு வழியாக ஒடிசாவின் கோராபுட் வரை இருசக்கர வாகனத்தில் சென்று திரும்பத் திட்டமிட்டிருக்கிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் பாதியில் நிற்கும்போது இது எதற்கு என்று விடுதி நண்பர்கள் சிலர் கேட்டார்கள். வேறு சிலர் வழித்தடத்தையும் செலவையும் கேட்டார்கள். இரு சாராருக்கும் சேர்த்து எழுதுகிறேன். சற்று நீளமான குறிப்பு, பொறுத்தருள்க.

முதலில் வழி. ஹைதராபாத்திலிருந்து விசாகப்பட்டினம் 600 கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சமவெளி நெடுஞ்சாலையில் உடலைக் களைப்பாக்கிக்கொண்டு மலையடிவாரத்தில் போய் நிற்பதில் பொருளில்லை. ஆகவே வண்டியைத் தொடர்வண்டியில் பார்சலாக அனுப்புகிறேன். பதிவுச் சான்றின் நகலும் அடையாள அட்டையின் நகலும் வேண்டும். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். முதல் நாள் விசாகப்பட்டினத்திலிருந்து சிருங்கவரபுகோட்டா, அனந்தகிரி வழியாக அரக்கு, ஏறத்தாழ 115 கிலோமீட்டர். இரண்டாம் நாள் அரக்கிலிருந்து பாடுவா, நந்தாபூர், செமிலிகுடா வழியாகக் கோராபுட், ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மூன்றாம் நாள் கோராபுட்டிலிருந்து ஒடிசாவின் ஜெய்ப்பூருக்கு இறங்கும் மலைச்சாலையில் சென்று அன்றே திரும்புதல். ஐந்தாம் நாள் பொட்டாங்கி, சுங்கி, சாலூரு வழியாக மலையிறங்கி விசாகப்பட்டினம். நான்காம் நாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர்தானா என்று சமவெளிக்காரர்கள் நகைப்பார்கள். மலைச்சாலையைக் கிலோமீட்டரில் அளப்பது செய்யுளைப் பக்கக் கணக்கில் படிப்பது போன்றது. வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து, ஏற்றத்தில் லாரியின் பின்னால் ஊர்ந்து, இடையில் தேநீருக்கு நின்று சென்றால், மணிக்குச் சராசரி 25 முதல் 30 கிலோமீட்டர்தான் கிடைக்கும். எனவே தொலைவைக் குறித்துக்கொள்ளாமல் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். காலை எட்டுக்குக் கிளம்புதல், பிற்பகல் மூன்றுக்குள் தங்குமிடம் சேர்தல். இடையிலுள்ள ஏழு மணி நேரத்தில் ஓட்டுவது நான்கு மணி நேரம் மட்டுமே. எஞ்சியது மூடுபனிக்கும் பஞ்சருக்கும் பராக்குப் பார்ப்பதற்கும்.

காலம் பற்றி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பருவமழை. அக்டோபரில் வங்கக் கடலோரத்துக்குப் புயல் அச்சம் உண்டு; 2014 அக்டோபர் 12-இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியதை அப்பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. நவம்பர் இறுதியில் மழை ஓய்ந்திருக்கும். தெலுங்கில் ‘வலிசெ’ எனப்படும் பேயெள்ளு பூத்து, அரக்குச் சரிவுகள் மஞ்சளாக இருக்கும். அதே மாதத்தில் காலைப் பனியும் தொடங்கிவிடும். அதனால்தான் எட்டு மணிக்கு முன் சாவியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இன்னொன்று மண். இம்மலைகளில் பரவலாக இருக்கும் பாறைக்குக் கோண்டலைட் என்று பெயர். இம்மலைவாழ் கோண்டு மக்களின் பெயரையே நிலவியலாளர் பாறைக்குச் சூட்டினர். அது சிதைந்தால் செம்மண்ணாகிறது. மழைக்காலத்தில் சரிவிலிருந்து வழிந்த செம்மண், மழை நின்ற பிறகும் வளைவுகளின் உட்புறத்தில் பொடியாகக் கிடக்கும். நான்கு சக்கரத்துக்கு அது தூசி. இரண்டு சக்கரத்துக்கு அது சறுக்கல்.

ஓட்டும் முறையைப் பற்றி வல்லுநர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு தாளில் எழுதி டேங்க் பையில் வைத்திருப்பவை சில மட்டுமே. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடு; வளைவின் நடுவில் பிரேக்கைத் தேடாதே. ஏறும்போது எந்த கியரில் ஏறுவாயோ, இறங்கும்போதும் அதே கியரில் இறங்கு. எஞ்சின் இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறிச் செயலிழக்காது. ஏறிவரும் வண்டிக்கு வழிவிடு. கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் நிற்க முடிகிற வேகமே உன் வேகம். ஒற்றைத்தடச் சாலையில் அத்தொலைவில் பாதிக்குள், ஏனெனில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தை 45 ஆக்கினால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவு இரண்டேகால் மடங்காகிறது. வலப்பக்க வளைவில் சக்கரங்கள் நம் தடத்தில் இருந்தாலும், சாய்ந்த உடலும் தலையும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்தில் இருக்கக்கூடும்; பேருந்து ஓட்டுநருக்கு இது தெரியாது, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வண்டி 150 சிசி பழைய வண்டி. பிரேக் கட்டைகளும் பின்சக்கர டயரும் மாற்றியாயிற்று. உதிரியாக ஒரு கிளட்ச் கேபிளும் ஒரு டியூபும் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “ஏன் கண்ணு, பஸ்ஸே இல்லாத ஊரா அது?” என்றார். பேருந்தும் உண்டு, தொடர்வண்டியும் உண்டு. ஆனால் நிறுத்தங்களைப் பேருந்து முடிவு செய்யும். எனக்கு நிறுத்தங்களே முக்கியம். அதற்குக் காரணம் என் துறை.

இந்த 200 கிலோமீட்டருக்குள் மூன்று மொழிக்குடும்பங்கள் இருக்கின்றன. அரக்குப் பள்ளத்தாக்கில் பேசப்படும் கொண்டா, கூபி என்றும் அழைக்கப்படும் ஒரு திராவிட மொழி. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி அதற்கு எழுதிய இலக்கணம் 1969-இல் வெளிவந்தது. தமிழ் எழுத்து ரகர றகர வேறுபாட்டைக் காத்துவருகிறது. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் கரையையும் கறையையும் ஒரே ஒலியில்தான் சொல்கிறோம். எழுத்துமரபு இல்லாத கொண்டா மொழியில் அவ்வேறுபாடு ஒலியாகவே நிலைத்திருப்பதைக் கிருஷ்ணமூர்த்தி பதிவு செய்தார். முதுகலை வகுப்பில் அதைப் படித்த நாள் முதல் அந்த ஒலியை அதன் ஊரில் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

மேலே நந்தாபூர், லம்தாபுட் பக்கம் போனால் கதபா மக்கள். கதபா என்ற ஒரே பெயருக்குள் இரண்டு மொழிகள்: ஒரு பிரிவினர் பேசும் குதோப், முண்டா மொழி, மற்றொரு பிரிவினர் பேசும் ஒல்லாரி, திராவிட மொழி. பெயர் ஒன்று, மொழிக்குடும்பம் இரண்டு. இவர்களுக்கும் அண்டையிலுள்ள பிறருக்கும் இடையே பொதுமொழியாகத் தேசியா எனப்படும் ஒடியா வழக்கு. கோராபுட் மாவட்டத்தில் குவி. அதற்கப்பால் பெங்கோ, பர்ஜி, போண்டா. மொழியியல் மாணவருக்கு இது தலயாத்திரை.

என் திட்டத்தின் முதல் வடிவத்தில் ஒரு முன்னுரை எழுதியிருந்தேன். ‘சாலைகள் இல்லாததால் இம்மொழிகள் பிழைத்தன, சாலைகள் வந்ததால் அழிகின்றன’ என்பது அதன் சாரம். அதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. இதே மலைத்தொடரின் தென்மேற்கில், கூடெம் பகுதியில், 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்று, சாலை போடுவதற்காக மலைமக்களிடம் பெறப்பட்ட கட்டாய உழைப்பு. 1955-இல் மின் உற்பத்தி தொடங்கிய மாச்குண்ட் திட்டத்துக்காகக் கதபா ஊர்கள் இடம்பெயர்ந்தன. 1960-களில் பைலாடிலா இரும்புத் தாதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர மலையைக் குடைந்து கொத்தவலசா–கிரந்துல் இருப்புப்பாதை போடப்பட்டது. இன்று அதே பாதையில் கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து நாம் இயற்கையை ரசிக்கிறோம். மலைக்கு வந்த வழிகளெல்லாம் மலையிலிருந்து எதையோ இறக்கிச் செல்லவே வந்தன என்று எழுதி முடித்திருந்தேன்.

அதை என் ஆய்வுத்தோழர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் கோராபுட் மாவட்டத்தின் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர்; தாய்மொழி குவி. இப்பயணத்தில் பின்னிருக்கையில் வரப்போகிறவரும் அவரே. படித்துவிட்டுச் சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: “எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை வருமுன் என் அக்காவைப் பிரசவ வலியோடு கட்டிலில் வைத்து நால்வர் சுமந்து இறங்கினார்கள். அக்கா பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. சாலை இல்லாததால் பிழைத்த மொழியைக் கணக்கில் எழுதுகிறாய். சாலை இல்லாததால் பிழைக்காதவர்களை எந்தப் பத்தியில் எழுதுவாய்?”

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். “என் மொழியைச் சாலை வாயடைக்கவில்லை. அந்தச் சாலை வழியாக வந்த ஆசிரியருக்குக் குவி தெரியாது. நாங்கள் வாய் திறந்தால் வகுப்பு சிரித்தது. அதுதான் வாயடைத்தது.” 2006–07 கல்வியாண்டில் ஒடிசா அரசு பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது, குவியும் அவற்றுள் ஒன்று. என் நண்பர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பள்ளியில் சேர்ந்துவிட்டவர்.

அன்றிரவு முன்னுரையை எடுத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் என் துறையின் சான்றுகளும் அவர் பக்கமே நிற்கின்றன. இம்மலைகள் ஒருபோதும் தனித்துக் கிடக்கவில்லை. கிடந்திருந்தால், முண்டாவும் திராவிடமும் ஒடியாவும் இவ்வளவு சொற்களையும் தொடரமைப்புகளையும் ஒன்றிடமிருந்து ஒன்று பெற்றிருக்க முடியாது. மலைக்கு மலை ஒற்றையடிப் பாதை இருந்தது. பாதையின் முடிவில் வாரச்சந்தை இருந்தது. வீட்டில் ஒரு மொழி, சம்பந்திகளிடம் இன்னொன்று, சந்தையில் தேசியா என மூன்று மொழிகளுடன் ஒருவர் இயல்பாக வாழ்ந்தார். அம்மொழிகளைக் காத்தது பாதையின்மை என்பதைவிட, பாதையின் இரு முனையிலும் அவற்றுக்குப் பயன் இருந்தது என்பதே பொருந்தும். புதிய சாலையின் மறுமுனையில் பள்ளியும் மருத்துவமனையும் அலுவலகமும் இருக்கின்றன. அங்கே குவியில் பேசினால் புரிந்துகொள்ள ஒருவர் இருந்தால் சாலை குவியையும் சேர்த்தே சுமக்கும். இல்லையென்றால் சாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. மலைமக்கள் சாலையின்றி இருந்தால்தான் நம் ஆய்வேடுகளுக்குத் தரவு கிடைக்கும் என்ற எண்ணம், நாம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், நம் துறையின் ‘அருகிவரும் மொழிகள்’ குறித்த துயரத்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. அதை ஒளித்துவைத்துக்கொண்டு அவ்வூர்களுக்குச் செல்லக்கூடாது.

இதனால் பயணத்திட்டம் சில இடங்களில் மாறியது. ஒனுகுடேல்லியில் வியாழன்தோறும் கூடும் சந்தைக்குப் போண்டா மக்கள் வருவார்கள். பல பயணத்திட்டங்களில் அது ‘காணவேண்டிய காட்சி’ என்று இடம்பெறுகிறது. காய்கறி வாங்கவும் விற்கவும் வந்த பெண்களைக் காட்சி என்று எழுத எனக்கு மனமில்லை, அதை நீக்கிவிட்டேன். தலைக்கவசத்தில் கேமரா பொருத்தும் எண்ணத்தையும் கைவிட்டேன். ஒலிப்பதிவுக் கருவி விடுதியிலேயே இருக்கும். முன் அனுமதியும் உரிய ஊதியமும் இல்லாத களப்பணிக்கு விடுமுறை என்று பெயர் வைக்க முடியாது. றகரத்தைக் கேட்கும் ஆசை தேநீர்க் கடையில் தற்செயலாக நிறைவேறினால் நிறைவேறட்டும். ஒடிசாவின் உயர்ந்த சிகரமான தேவ்மாலி, 1672 மீட்டர், வழியருகே இருக்கிறது; நேரம் மிஞ்சினால் மட்டும். வளைவுகளும் காபித் தோட்டங்களும் மலைவிளிம்பில் நின்று பார்க்கும் பள்ளத்தாக்கும் எனக்குப் போதும். அவற்றை ரசிப்பதில் எனக்குக் குற்றவுணர்வு எதுவுமில்லை.

நான்காம் நாள் என் தாளில் வெறுமையாக இருக்கிறது. அன்று நண்பரின் ஊர். அங்கே எத்தனை மணிக்குப் போவது, யாரைப் பார்ப்பது, எப்போது கிளம்புவது என எதையும் நான் முடிவு செய்வதில்லை. வண்டியையும் அன்று அவரே ஓட்டுவார். அவர் அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு. அவளுக்குக் குவியில் கதைப்புத்தகம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள். பாடுவாவுக்கும் நந்தாபூருக்கும் இடையிலுள்ள சாலையில் இம்மழைக்குப் பின் சென்றவர்கள் அதன் நிலையைத் தெரிவித்தால் நன்றியுடையவன் ஆவேன். குவியில் அச்சான சிறுவர் நூல் எதுவும் யாரிடமாவது இருந்தால், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க என் பின்பையில் இடம் இருக்கிறது.