தழும்பு

மைசூரு நகரின் வடமேற்கில் அமைந்துள்ளது விஜயநகர். பணியின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய ஒரு கிறித்தவக் குடும்பத்தில் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவ்வாண்டு ஊரில் அவளுடைய பாட்டி காலமானார். நினைத்தவுடன் சென்று கல்லறையில் பூ வைக்க முடியாத தொலைவு. "இனிப் பாட்டியைப் பார்க்கவே முடியாதா, அப்பா?" என்று அவள் அடிக்கடி கேட்டாள். தந்தையால் விடை கூற இயலவில்லை.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில், அவர் மகளைப் புனித பிலோமினா பேராலயத்திற்கு அழைத்துச் சென்றார். 1933ஆம் ஆண்டு, மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய ஆலயம் அது. அதன் இரட்டைக் கோபுரங்கள் ஏறத்தாழ 175 அடி உயரமுடையவை. வெளியே நின்று பார்த்தபோது வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் கருமையாகவே தோன்றின. உள்ளே நுழைந்ததும் அவையே நீலமும் சிவப்புமாய் ஒளிர்ந்தன. இயேசுவின் பிறப்பு, இறுதி இராவுணவு, சிலுவைச் சாவு, உயிர்ப்பு, விண்ணேற்றம் ஆகிய காட்சிகள் அவற்றில் இருந்தன.

"இயேசு எழுந்ததை நேரில் பார்த்தவர் யார், அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஒருவருமில்லை. விடியற்காலையில் சென்ற பெண்கள் வெறுங்கல்லறையைத்தான் கண்டார்கள். அவர் எழுந்த கணத்தை நான்கு நற்செய்தி நூல்களும் வருணிக்கவில்லை. அதனால்தான் கலைஞர்கள் குறியீடுகளை நாடினார்கள்" என்றார் தந்தை.

உரோமை நகரின் நிலவறைக் கல்லறைகளில், மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்து மீண்ட யோனாவை வரைந்தனர். மயிலின் தசை அழுகாது என்று முன்னோர் நம்பியதால், மயிலையும் அழியா வாழ்வின் அடையாளமாக்கினர். சென்னைப் பரங்கிமலையில் 1547ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட பழைய கற்சிலுவையில் இயேசுவின் உருவம் இல்லை. மேலே ஒரு புறாவும் அடியில் தாமரை போன்ற இதழ்களும் உள்ளன. வெறுமையான அச்சிலுவை, சாவு முடிந்துவிட்டதை உணர்த்துவதாகப் பலர் கொள்வர்.

தமிழில் உடலுக்கு மெய் என்றும் பெயர். பிரிந்த உயிர் மெய்யோடு மீண்டும் கூடுவதையே கிறித்தவர் உயிர்ப்பு என்பர். ஆகவே, உயிர்த்த இயேசுவை வரையும் ஓவியர்கள் அவருடைய கைகளில் ஆணித் தழும்புகளையும் தீட்டுவது வழக்கம்.

"எழுந்த பிறகும் காயம் எதற்கு?" என்று சிறுமி வினவினாள்.

"சீடர் தோமா அந்தத் தழும்புகளைக் கண்ட பிறகே, 'இவர் அவரே' என்று நம்பினார். வலி போய்விட்டது; அடையாளம் போகவில்லை."

சிறுமி நெடுநேரம் பேசவில்லை. பாட்டியின் வலக்கையில் ஒரு தழும்பு இருந்தது. பண்டிகை நாளில் முறுக்குச் சுடும்போது எண்ணெய் தெறித்து உண்டானது அது. கதை கேட்கும் இரவுகளில் அதைத் தடவிக்கொண்டே அவள் உறங்கிப்போவாள்.

"அப்படியானால், எனக்குப் பாட்டியை அடையாளம் தெரியும், அப்பா" என்றாள்.

தந்தை ஒரு மெழுகுதிரியை ஏற்றி அவள் கையில் கொடுத்தார். கண்ணாடியின் நிறங்கள் அவ்விருவர் கைகளின்மேலும் விழுந்துகொண்டிருந்தன.